உங்கள் கூரைத் தண்ணீரும் கோஹோ சால்மனும்: சியாட்டில் பகுதி வீட்டுக்காரர்களும் நிலக்காரர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பியூஜெட் சவுண்ட் என்ற கடற்கழியைச் சுற்றி சியாட்டில், டகோமா, பெல்வியூ, ரெட்மண்ட், பாத்தல், இசாக்குவா எனப் பல ஊர்கள் இருக்கின்றன. மென்பொருள் வேலைக்கு வந்து இந்த ஊர்களில் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். இலையுதிர் காலத்தில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இசாக்குவா மீன் பொரிப்பகத்துக்குப் போய் சால்மன் துள்ளுவதைப் பார்க்காத குடும்பம் குறைவு. அந்த மீனுக்கும் நம் வீட்டு முற்றத்தில் ஓடும் மழைநீருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

மழைநீர் சுத்தமானதுதானே? அது எப்படி மீனைக் கொல்லும்?

வானத்திலிருந்து விழும்போது ஏறக்குறைய சுத்தம்தான். கூரை, கார் நிறுத்துமிடம், தார்ச்சாலை ஆகியவற்றின் மேல் ஓடி வடிகாலை அடையும்போது அது வேறு தண்ணீர்.

மேற்கு சியாட்டிலில் லாங்ஃபெலோ என்றொரு ஓடை இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் சியாட்டிலின் ஓடைகளைச் சீரமைக்கும் வேலை மும்முரமாக நடந்தது. தடைகளை நீக்கினார்கள், கரையில் மரம் நட்டார்கள், முட்டையிட ஏற்ற சரளைக்கல் பரப்பினார்கள். எதிர்பார்த்தபடியே கோஹோ என்ற வகை சால்மன்கள் கடலிலிருந்து திரும்பி வந்தன. வந்த வேகத்தில் செத்தன. நீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தன, துடுப்புகளை விரித்தபடி வட்டமடித்தன, நிலைதடுமாறிக் கவிழ்ந்தன. எல்லாம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். செத்த பெண் மீனின் வயிற்றைக் கீறிப் பார்த்தால் சினை அப்படியே இருந்தது. சால்மன் முட்டையிட்டபின் சாவது இயற்கை. இது முட்டையிடுவதற்கு முன்பே வந்த சாவு. நகர்ப்புற ஓடைகளில் திரும்பி வரும் கோஹோக்களில் 40 முதல் 90 சதவீதம் வரை இப்படிப் போகின்றன என்று ஆண்டுக்கணக்கான கண்காணிப்பில் தெரிந்தது. பெருமழை பெய்தால் சாவு, மழை இல்லையென்றால் சாவு இல்லை.

காரணம் பிடிபட இருபது ஆண்டுகள் ஆயின. முதலில் உலோகங்களையும் எண்ணெய்ப் பொருள்களையும் சந்தேகித்தார்கள். அவற்றைக் கலந்து செயற்கையாக ஒரு நீர் தயாரித்து மீனை விட்டுப் பார்த்தபோது மீன் சாகவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து பிடித்த உண்மையான மழைநீரில் விட்டால் செத்தது. அப்படியானால் பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று அந்த நீரில் இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகமும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகமும் சேர்ந்த குழு, டயர்த் துகள் ஊறிய நீரில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வேதிப்பொருள்களைப் படிப்படியாகக் கழித்துக்கொண்டே வந்து, 2020 டிசம்பரில் குற்றவாளியின் பெயரை அறிவித்தது: 6-பிபிடி-குயினோன்.

டயர் ரப்பர் வெடித்துப் போகாமல் இருக்க 6-பிபிடி என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். காற்றிலுள்ள ஓசோன் ரப்பரைத் தாக்குவதற்கு முன் அது இந்தப் பொருளைத் தாக்கும். ரப்பர் தப்பிக்கும். அந்த வினையில் பிறப்பதுதான் குயினோன். லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே சோதனையில் பாதிக் கோஹோ செத்துவிடுகிறது.

எல்லா சால்மனும் சாகின்றனவா?

இல்லை. அதே நீரில் சம் சால்மன் சாதாரணமாக நீந்துகிறது. சாக்கை சால்மனும் தாங்குகிறது. கோஹோதான் மிக எளிதில் வீழ்கிறது. ஸ்டீல்ஹெட் என்னும் ரெயின்போ டிரவுட்டுக்கும் பாதிப்பு உண்டு. அதற்காக மற்ற இனங்கள் பத்திரமாக இருக்கின்றன என்று அர்த்தமில்லை. பியூஜெட் சவுண்டின் சினூக் சால்மன் 1999 முதலும் ஸ்டீல்ஹெட் 2007 முதலும் அழியும் ஆபத்துள்ள இனங்களின் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றுக்கு மழைநீர் தரும் தொல்லை வேறு வகையானது. அது கீழே வருகிறது.

தெருவோர வடிகாலில் போகும் நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தானே போகிறது?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நகராட்சிக்கு வடிகால் கட்டணம் கட்டுபவர்கள் அப்படி நினைப்பதில் தவறும் இல்லை. ஆனால் ரெட்மண்ட், சமாமிஷ், பாத்தல் போன்ற புறநகர்களில் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர்க் குழாய் வேறு. மழைநீர்க் குழாயின் மறுமுனை பெரும்பாலும் அருகிலுள்ள ஓடை அல்லது ஏரி. புதிய குடியிருப்புகளில் நடுவே ஒரு தேக்கக் குட்டை இருக்கலாம். பழைய தெருக்களில் அதுவும் இருக்காது. நீங்கள் வாசலில் கார் கழுவிய சோப்பு நீர் அன்று மாலையே பேர் கிரீக் என்ற ஓடையில் இருக்கும்.

சியாட்டிலின் பழைய பகுதிகளில் இரண்டுக்கும் ஒரே குழாய். சாதாரண நாளில் எல்லாம் சுத்திகரிப்புக்குப் போகும். பெருமழையில் குழாய் நிரம்பிவிட்டால் மழைநீரும் மலநீரும் கலந்து ஏரியிலோ கடலிலோ வழியும். ஆகவே ஊருக்கு ஊர் சிக்கல் வேறு, அதனால் அரசு தரும் உதவியும் வேறு.

விஷம் சாலையிலிருந்துதான் வருகிறது என்கிறீர்கள். அப்புறம் என் கூரைத் தண்ணீரைப் பிடித்து என்ன பயன்?

எங்களுக்கு வரும் கேள்விகளிலேயே நல்ல கேள்வி இது. இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லும் பிரசாரத் துண்டறிக்கைகளைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. கூரையில் டயர் ஓடுவதில்லை. உங்கள் வீட்டுக் கூரைநீரைத் தோட்டத்தில் இறக்கினால் 6-பிபிடி-குயினோன் நேரடியாகக் குறைந்துவிடாது.

குறைவது நீரின் அளவு. 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர். அது வடிகாலுக்குப் போனால், சாலையில் கிடக்கும் அழுக்கைத் தள்ளிக்கொண்டு போகும் வெள்ளத்தின் வலிமையைக் கூட்டுகிறது. காடாக இருந்தபோது நாள்கணக்கில் கசிந்து ஓடையைச் சேர்ந்த நீர், இப்போது ஒரு மணி நேரத்தில் பாய்ந்து வருகிறது. சால்மன் தன் முட்டைகளைச் சரளைக்கல்லுக்குள் புதைத்து வைக்கிறது. வெள்ளம் அந்தச் சரளையைப் புரட்டினால் முட்டை போயிற்று; கரை அரித்து வண்டல் படிந்தால் முட்டைக்கு மூச்சு போயிற்று. இது கோஹோவுக்கு மட்டுமல்ல, எல்லா சால்மனுக்கும் நேர்வது.

இன்னொரு பக்கம் கோடை. இங்கே ஜூலையிலும் ஆகஸ்டிலும் மழை அரிது. அப்போது ஓடையில் ஓடுவது குளிர்காலத்தில் மண் குடித்து வைத்த நீர். மண் குடிக்கவில்லை என்றால் கோடையில் ஓடை மெலிந்து சூடேறும். கோஹோக் குஞ்சுகள் கடலுக்குப் போகுமுன் ஓர் ஆண்டுக்கு மேல் நன்னீரிலேயே வளர்பவை. அவை அந்தக் கோடையைத் தாண்டியாக வேண்டும்.

சாலை விஷத்தைத் தடுக்கவும் நில உரிமையாளர் தேவைப்படுகிறார். எப்படியென்றால், சாலையோர நீரை மண்ணில் இறக்கும் பள்ளங்களை எங்கே வெட்டுவது? உங்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் இருக்கிற புல்பட்டையில்தான். அது நகராட்சியின் இடமாக இருந்தாலும், அதைப் பராமரிப்பவர் நீங்கள். அங்கே கார் நிறுத்துபவரும் நீங்கள். நீங்கள் எதிர்த்தால் திட்டம் நிற்கும்.

மண் உண்மையிலேயே அந்த விஷத்தைப் பிடித்து வைக்குமா?

பிடிக்கிறது. இதில் ஒரு சுவையான விஷயம், விஷத்தின் பெயர் தெரிவதற்கு முன்பே மருந்து தெரிந்துவிட்டது. சியாட்டிலின் 520-ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து ஓடிவந்த மழைநீரைப் பிடித்து, சுக்வாமிஷ் பழங்குடியினரின் மீன் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், வளர்ந்த கோஹோக்களை அதில் விட்டார்கள். எல்லாம் ஒரு நாளுக்குள் செத்தன. அதே நீரை மணல் 60 பங்கு, மக்கிய உரம் 40 பங்கு கலந்த மண்ணின் வழியாக வடித்தபின் விட்டார்கள். எல்லாம் பிழைத்தன. 2016-இல் வெளியான ஆய்வு இது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். உரம் அதிகம் கலந்த மண் ஆரம்பத்தில் பாஸ்பரஸைக் கசியவிடும். சமாமிஷ் ஏரிபோல் பாசி பிடிக்கும் அபாயமுள்ள நீர்நிலைக்கு அருகில் இருப்பவர்கள், பாஸ்பரஸ் குறைவாகக் கசியும் கலவை எது என்று ஒப்பந்ததாரரைக் கேளுங்கள்.

மழைத்தோட்டம் என்கிறார்களே, அது என்ன? நானே வெட்டலாமா?

கூரைக்குழாயின் நீரை வாங்கிக்கொள்ளும் ஆழமற்ற பள்ளம். அடியில் மேற்சொன்ன கலவை மண், மேலே ஈரத்தையும் வறட்சியையும் தாங்கும் உள்ளூர்ச் செடிகள். நடுப்பள்ளத்தில் கோரை வகைகள், சரிவில் பெரணி, விளிம்பில் சிவந்த தண்டுள்ள டாக்வுட் அல்லது ஸ்னோபெரி. அளவுக்கு மீறிய மழைக்கு ஒரு வழிகால் கட்டாயம் வேண்டும்; வழிகால் இல்லாத பள்ளம் என்றாவது ஒருநாள் அண்டைவீட்டார் வாசலில் வழியும்.

நீங்களே வெட்டலாம். ஆனால் முதலில் மண்ணைச் சோதியுங்கள். இந்தப் பகுதியைப் பனிப்பாறை அழுத்திவிட்டுப் போயிருக்கிறது. பல இடங்களில் இரண்டு மூன்று அடிக்குக் கீழே சிமென்ட் போல் இறுகிய மண். குளிர்காலத்தில் ஒரு குழி வெட்டி நீர் நிரப்பிப் பாருங்கள். இரண்டு நாளாகியும் நீர் நின்றுகொண்டிருந்தால் அந்த இடம் வேண்டாம். கோடையில் செய்த சோதனையை நம்பாதீர்கள். காய்ந்த மண் எதையும் குடிக்கும்.

வீட்டு அடித்தளத்திலிருந்து பத்து அடியாவது தள்ளி இருக்கட்டும். கழிவுநீர்த் தொட்டியின் உறிஞ்சுபரப்புக்கு மேலே வேண்டாம். செங்குத்தான சரிவின் விளிம்பில் கூடவே கூடாது. இங்கே குளிர்காலத்தில் மண்சரிவு சாதாரணம். சரிவுக்கு நீங்களே நீர் ஊட்ட வேண்டாம். பெரிய மரத்தின் வேர்ப்பரப்பையும் விட்டுவிடுங்கள். மண்வெட்டியைத் தொடுவதற்கு இரண்டு வேலை நாள்களுக்கு முன் 811 என்ற எண்ணை அழைத்தால், நிலத்தடியில் எரிவாயு, மின்சாரக் குழாய்கள் எங்கே போகின்றன என்று இலவசமாகக் குறித்துவிட்டுப் போவார்கள். அழைப்பது சட்டப்படி கட்டாயமும்கூட.

கொசு வராதா?

கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறத்தாழ ஒரு வாரமாவது தேங்கிய நீர் வேண்டும். ஒழுங்காக வெட்டிய மழைத்தோட்டம் ஓரிரு நாளில் வற்றிவிடும். வற்றவில்லை என்றால் அது மழைத்தோட்டமே இல்லை, குட்டை. பழைய பூந்தொட்டித் தட்டில்தான் கொசு அதிகம்.

பாலார்டில் இந்தத் திட்டம் சொதப்பியதாகக் கேள்விப்பட்டோமே?

உண்மைதான். மறைக்க வேண்டியதில்லை, ஏனென்றால் நில உரிமையாளர்களை எப்படி அணுகக் கூடாது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

2010-இல் சியாட்டில் மாநகராட்சி, பொருளாதார ஊக்க நிதி கையில் கிடைத்ததால், பாலார்ட் பகுதியில் தெருவோர மழைத்தோட்டங்களை அவசரமாகக் கட்டியது. மண் எதிர்பார்த்தபடி நீரைக் குடிக்கவில்லை. பல பள்ளங்களில் நாள்கணக்கில் நீர் நின்றது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டு வாசலில் ஆழமான சேற்றுப் பள்ளம். காரைவிட்டு இறங்கினால் கால் வைக்க இடமில்லை. தெருவாசிகள் கொதித்துப் போனார்கள். கடைசியில் மாநகராட்சி சில பள்ளங்களை மூடியது, சிலவற்றைத் திருத்தியது.

இதை 2001-இல் அதே மாநகராட்சி பைப்பர்ஸ் ஓடையின் நீர்ப்பிடிப்பில், நகரின் வடமேற்குத் தெரு ஒன்றில் செய்ததோடு ஒப்பிடுங்கள். அங்கே தெருவாசிகளோடு உட்கார்ந்து பேசி, சாலையைக் குறுக்கி வளைத்து, இருபுறமும் செடிப்பள்ளங்கள் அமைத்தார்கள். எந்தச் செடி, எந்த வளைவு என்பதில் அவர்களுக்கும் பேச்சு இருந்தது. செடிகளைப் பார்த்துக்கொள்ள அவர்களே ஒப்புக்கொண்டார்கள். தெருவிலிருந்து வெளியேறும் மழைநீர் 98 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஒரே மாநகராட்சி, ஒரே நோக்கம். ஒன்றில் மண்ணையும் மனிதரையும் முதலில் கேட்டார்கள். மற்றதில் பணம் செலவாக வேண்டிய தேதியைக் கேட்டார்கள்.

ஒரு பீப்பாய் வைத்து மழைநீர் சேமித்தால் போதாதா?

வைக்கலாம், கெடுதல் இல்லை. கடையில் விற்கும் பீப்பாய் ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும். 100 சதுர மீட்டர் கூரைக்கு அது 2 மில்லிமீட்டர் மழையில் நிரம்பிவிடும். சியாட்டிலில் ஆண்டு மழை 950 மில்லிமீட்டருக்கு அருகில். அதில் பெரும்பகுதி அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் பெய்கிறது. அந்த மாதங்களில் தோட்டத்துக்கு யாரும் நீர் ஊற்றுவதில்லை. நவம்பரில் நிரம்பிய பீப்பாய் மே வரை நிரம்பியே நின்றால், அது நிரம்பியபின் பெய்ததெல்லாம் வடிகாலுக்குத்தான். பெரிய தொட்டியாக இருந்து, புயலுக்கு முன் மெதுவாகக் காலி செய்யும் ஏற்பாடும் இருந்தால் பலன் உண்டு.

நம்மூர் மழைநீர் சேகரிப்புத் தொட்டி மாதிரிதானே இது?

தோற்றத்தில் ஒற்றுமை உண்டு, நோக்கம் வேறு. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது கிணற்றுக்கும் ஆழ்துளைக்கும் நீர் ஊறுவதற்காக. பலன் அவரவர் வீட்டுக் கிணற்றிலேயே தெரிந்தது. இங்கே நீங்கள் வெட்டும் பள்ளத்தின் பலன் நாலு மைல் தள்ளி ஓடும் ஓடையில், நீங்கள் ஒருபோதும் பார்க்காத ஒரு மீனுக்கு. ஆகவே தன்னலத்தை மட்டும் நம்பி இங்கே வேலை நடக்காது. இன்னொன்று: நம்மூரில் கட்டிய தொட்டிகள் பல, வண்டல் அள்ளாமல் அடைத்துக் கிடப்பது ஊரறிந்தது. கட்டுவதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் இங்கும் அதே கதிதான்.

செலவு யார் கொடுப்பார்கள்?

உங்கள் முகவரியைப் பொறுத்தது. சியாட்டிலில் கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடும் பகுதிகளில் வீடு இருந்தால், மாநகராட்சி 2010-இல் தொடங்கி, கிங் கவுண்டியோடு (மாநிலத்துக்குக் கீழுள்ள நிர்வாகப் பிரிவு) சேர்ந்து நடத்தும் ரெயின்வைஸ் திட்டத்தில் பணம் திரும்பக் கிடைக்கும். பயிற்சி பெற்ற ஒப்பந்ததாரர்களின் பட்டியலையும் அவர்களே தருகிறார்கள். ரெட்மண்டிலோ சமாமிஷிலோ இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் வாஷிங்டன் ஏரியின் அந்தக் கிழக்குக் கரையில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். அங்கே உங்கள் நகராட்சியையும், கிங் நிலவளப் பாதுகாப்பு மாவட்டத்தையும் கேளுங்கள். நிலவளப் பாதுகாப்பு மாவட்டம் என்பது ஒரு கவுண்டியில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஆலோசனையும் மானியமும் தரும் பொது அமைப்பு. அபராதம் போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அதிகாரி வீட்டுக்கு வந்தால் வம்பு என்று பயப்படுகிறவர்களுக்கு இது முக்கியமான செய்தி.

பணம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பக்கத்து மாநிலமான ஆரிகனில், போர்ட்லாந்து நகரம் கூரைக்குழாயை வடிகாலிலிருந்து கழற்றிப் புல்வெளிக்குத் திருப்பினால் குழாய்க்கு 53 டாலர் கொடுத்தது. 1993-இல் தொடங்கி 2011-இல் முடிவதற்குள் 56,000-க்கும் அதிகமான குழாய்கள் கழற்றப்பட்டன. தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் வேலையைச் செய்தும் கொடுத்தார்கள். 53 டாலருக்காக யாரும் ஆற்றைக் காப்பாற்றிவிடுவதில்லை. கேட்டு வந்தவர் எதிரில் நிற்கிறார், வேலை அரை நாளில் முடிகிறது, கையில் கொஞ்சம் காசும் வருகிறது என்ற மூன்றும் சேர்ந்தபோது மறுப்பதற்குக் காரணம் கிடைக்கவில்லை.

இவ்வளவு தெரிந்தும் ஏன் சட்டம் போட்டு எல்லோரையும் செய்ய வைக்கவில்லை?

புதிதாகக் கட்டுபவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. மேற்கு வாஷிங்டனில் புதிய கட்டுமானங்கள் மழைநீரை முடிந்தவரை அந்த இடத்திலேயே மண்ணில் இறக்க வேண்டும். சிக்கல் ஏற்கெனவே கட்டி முடிந்துவிட்ட நகரத்தில்.

ஆற்றங்கரை நிலத்தில் ஒருமுறை முயன்றார்கள். 2022-இல் அப்போதைய ஆளுநர் ஜே இன்ஸ்லி, சால்மன் வாழும் ஆறுகளின் கரையோரத்தில் மரங்களுக்கென ஒரு நீண்ட நிலப்பட்டை விடுவதைக் கட்டாயமாக்கும் மசோதாவை ஆதரித்தார். வடமேற்குப் பழங்குடி மீன்வள ஆணையத்தின் தலைவராக இருந்து 2021-இல் மறைந்த லொரெய்ன் லூமிஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். விவசாய அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. மசோதா நிறைவேறவில்லை. பதிலாக, விரும்பி வருபவர்களுக்கு மானியம் என்று முடிந்தது.

எங்கள் கருத்து: தன்னிச்சையாக வருபவர்களை மட்டும் நம்பினால் வேகம் போதாது. ஆனால் சட்டம் வந்தாலும், பின்பக்கத் தோட்டத்தில் இருக்கும் பள்ளத்தை ஆண்டுதோறும் சுத்தம் செய்ய வைக்க எந்த அதிகாரியாலும் முடியாது. அதற்கு உரிமையாளரின் மனம் வேண்டும்.

எனக்குப் பத்து ஏக்கர், ஆற்றங்கரையில். என்ன செய்யலாம்?

ஸ்னோக்வால்மி, ஸ்காகிட் பள்ளத்தாக்குகளில் நிலம் வைத்திருப்பவர்களின் கேள்வி இது. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் கரைக்காப்புத் திட்டம் ஒன்று உண்டு. ஆற்றோரம் குறிப்பிட்ட அகலத்துக்கு உள்ளூர் மரம் நட்டு விட்டுவிட்டால், அந்தப் பரப்புக்கு 10 முதல் 15 ஆண்டுகள் வாடகை தருவார்கள். நடும் செலவும் வேலிச் செலவும் அதில் அடக்கம். மரநிழல் நீரைக் குளிர வைக்கும், வேர் கரையைப் பிடிக்கும், மேட்டிலிருந்து வரும் எருவும் வண்டலும் ஆற்றில் விழுமுன் தங்கும். உழுகிற நிலத்தை விட்டுக்கொடுப்பது விவசாயிக்கு வலிக்கும். அதைச் சூழல் ஆர்வலர்கள் சுலபமாகப் பேசிவிடுகிறார்கள். வெள்ளத்தில் ஏற்கெனவே அரித்துப் போகும் மூலையிலிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனம்.

திராட்சைத் தோட்டம், பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஆரிகனில் 1990-களில் பிறந்த சால்மன்-சேஃப் என்ற சான்றிதழ் இருக்கிறது. நீரும் மண்ணும் காக்கும் முறைகளைக் கடைப்பிடித்தால் அந்த முத்திரையைப் பொருளில் போட்டுக்கொள்ளலாம்.

கடை, அலுவலகக் கட்டடம் வைத்திருப்பவர்கள்?

பெரிய கார் நிறுத்துமிடம் உள்ளவர்களால்தான் உண்மையான மாற்றம் வரும். ஒரு வணிக வளாகத்தின் தார்ப்பரப்பு நூற்றுக்கணக்கான வீட்டு வாசல்களுக்குச் சமம்; அதில் டயர் ஓடவும் செய்கிறது.

சியாட்டிலின் ஃப்ரீமான்ட் பகுதியில் நடந்ததைச் சொல்லலாம். 1932-இல் கட்டிய அரோரா பாலத்தின் மேல் ஓடும் வண்டிகளின் அழுக்கு, மழைக்குழாய்கள் வழியாக, சால்மன் கடலுக்குப் போய்வரும் கால்வாயில் நேரே கொட்டிக்கொண்டிருந்தது. பாலத்துக்கு அருகில் அலுவலகம் கட்டிய ஒரு தனியார் நிறுவனம், தன் நிலத்து நீரோடு நிற்காமல், பாலத்துக் குழாயின் நீரையும் வாங்கிப் படிப்படியாக இறங்கும் செடிப்பள்ளங்கள் வழியாக வடித்துவிட்டது. பாலம் அவர்களுடையதல்ல; செய்யவேண்டிய கட்டாயமும் இல்லை. சாலை நீரைத் தனியார் நிலம் வாங்கிக்கொள்ள முடியும் என்பதை அது காட்டியது.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் ஒரு தேக்கக் குட்டை இருக்கிறது. அது யார் பொறுப்பு?

சில இடங்களில் கவுண்டி அல்லது நகராட்சி, பல இடங்களில் சங்கமே. ஆவணத்தைப் பாருங்கள். சங்கத்தின் பொறுப்பு என்றால், வண்டல் அள்ளும் செலவுக்கு நிதி ஒதுக்கியிருக்கிறார்களா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். பெரும்பாலும் ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

பழங்குடியினர் ஏன் இதில் இவ்வளவு தீவிரமாக இருக்கிறார்கள்?

அவர்களுக்கு இது சட்ட உரிமை. 1850-களின் ஒப்பந்தங்களில் நிலத்தைக் கொடுத்தபோது, வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். 1974-இல் நீதிபதி போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி அவர்களுடையது என்று தீர்ப்பளித்தார். மீனே இல்லாத ஆற்றில் பாதி உரிமைக்கு என்ன பொருள்? சாலைக்கடியில் மீன்வழியை அடைக்கும் குழாய்ப்பாலங்களை மாநில அரசு சரிசெய்தாக வேண்டும் என்ற கீழ் நீதிமன்ற உத்தரவு 2018-இல் உச்ச நீதிமன்றத்திலும் நிலைத்தது. நாம் பத்திரம் எழுதி வாங்கிய மனையின் ஆவண வரலாறு அந்த ஒப்பந்தங்களிலிருந்துதான் தொடங்குகிறது என்பது நினைவில் இருக்கட்டும்.

டயர் நிறுவனங்கள் அந்தப் பொருளை மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

தீரும், அந்த விஷத்தைப் பொறுத்தவரை. யூரோக், போர்ட் கேம்பிள் ஸ்க்லாலம், புயாலப் ஆகிய மூன்று பழங்குடியினர் 2023-இல் கொடுத்த மனுவை ஏற்று, மத்தியச் சுற்றுச்சூழல் முகமை ஒழுங்குமுறைக்கான வேலையைத் தொடங்கியது. கலிஃபோர்னியா அதே ஆண்டில், 6-பிபிடி உள்ள டயர்களுக்கு மாற்று தேடும்படி தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தும் விதியைக் கொண்டுவந்தது. டயர் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்பதால் மாற்றுப்பொருள் ஒரே நாளில் வராது. வந்தாலும் இப்போது ஓடும் டயர்கள் தேய்ந்து தீர வேண்டும். வெள்ளமும் வண்டலும் கோடை வறட்சியும் அப்போதும் இருக்கும்.

வழி இருக்கிறது என்பதற்குப் பிரேக் ஓர் உதாரணம். செம்பு மிகச் சிறிய அளவிலேயே சால்மனின் மோப்ப சக்தியை மழுங்கடிக்கும். அந்த மோப்பத்தால்தான் அது பிறந்த ஓடையைக் கண்டுபிடிக்கிறது. வாஷிங்டன் 2010-இல் சட்டமியற்றி, பிரேக் பட்டைகளில் செம்பைப் படிப்படியாகக் குறைக்க வைத்தது.

தோட்டம் வெட்ட இடமில்லை. வேறு ஏதாவது?

காரை வாசலில் கழுவாமல் கார் கழுவும் நிலையத்தில் கழுவுங்கள். அங்கே நீர் கழிவுநீர்க் குழாய்க்குப் போகும். கூரைப் பாசிக்குத் துத்தநாகம், செம்பு கலந்த மருந்து தெளிக்காதீர்கள்; துடைப்பத்தால் தள்ளினால் போதும். வாசலுக்கு நேரே உள்ள வடிகால் சல்லடையில் இலை அடைக்காமல் பாருங்கள். கூரைக்குழாய் நேரே நிலத்தடிக் குழாயில் இறங்குகிறதென்றால், அதைப் புல்வெளிக்குத் திருப்ப முடியுமா என்று மட்டும் விசாரியுங்கள்.

பக்கத்து வீட்டாரிடம் எப்படிப் பேசுவது? மீனைப் பற்றிச் சொன்னால் சிரிக்கிறார்.

மீனிலிருந்து தொடங்காதீர்கள். அவர் வீட்டு நிலவறையில் நீர் கசிகிறதா, வாசலில் குளம் கட்டுகிறதா, பின்பக்கப் புல் எப்போதும் சதசதவென்று இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் ஏதாவது ஒன்று இருக்கும். அவருடைய தொல்லைக்கு வழி சொல்லுங்கள். மானியம் உண்டென்றால் விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்புங்கள். மழைத்தோட்டம் தெரு பார்க்கும்படி முன்பக்கத்தில் இருந்தால், அடுத்த வீட்டுக்காரர் தானாகவே கேட்பார். பின்பக்கத்தில் நூறு டாலர் செடி நட்டாலும் யாருக்கும் தெரியாது.

புள்ளிவிவரம் சொல்லி யாரையும் மாற்றியதாக எங்களுக்கு நினைவில்லை. நவம்பரில் மழை விட்ட மறுநாள் அவரை ஓடைக்கு அழைத்துப்போனால் பலன் உண்டு, அதுவும் அவருக்கு விருப்பம் வந்த பிறகு. அதோடு, "எங்களால்தான் மீன் சாகிறது என்கிறீர்களா" என்று அவர் முறைத்தால், ஆம், உங்களாலும் என்னாலும் என்று சொல்லத் தயாராக இருங்கள். கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் இதில் பங்குண்டு.

கட்டியபின் எவ்வளவு வேலை இருக்கும்?

முதல் இரண்டு கோடைகள் செடிக்கு நீர் ஊற்ற வேண்டும். அதன்பின் களை எடுப்பது, இலையுதிர் காலத்தில் நீர் நுழையும் வாயைத் துப்புரவாக்குவது, ஆண்டுக்கொருமுறை மரத்துண்டுப் படுகையைப் புதுப்பிப்பது. உரம் போடாதீர்கள், பூச்சிமருந்து அடிக்காதீர்கள். எந்த நீரைச் சுத்தம் செய்ய வெட்டினீர்களோ அதிலேயே அது கலக்கும்.

வீட்டை விற்கும்போது?

அண்மையில் கட்டிய வீடென்றால், மழைநீர் ஏற்பாட்டைப் பராமரிக்கும் பொறுப்பு நிலப் பத்திரத்திலேயே பதிவாகியிருக்கலாம். அப்படியானால் அது வாங்குபவருக்கும் தொடரும். மானியம் பெற்றுக் கட்டியிருந்தால் உங்கள் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைப் படித்துவிட்டு விற்பனையைத் தொடங்குங்கள். பள்ளம் எங்கே தொடங்குகிறது, வழிகால் எங்கே போகிறது, எந்தச் செடி எங்கே என்று ஒரு தாளில் வரைந்து சாவியோடு கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் புதியவர் அதை வெறும் பள்ளமென்று நினைத்து மண் கொட்டி நிரப்பிவிடுவார்.